வயது என்பது தீர்ப்பல்ல: வாழ்நாள் வளர்ச்சிப் பாடத்தில் சமூகப்பணி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியலாளர் எரிக்சன் வாழ்நாள் வளர்ச்சிக்கு வகுத்த எட்டுக் கட்டங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள்கூட, களப்பணியில் முதல் மதிப்பீட்டு அறிக்கை எழுத உட்காரும்போது தடுமாறுகிறார்கள். படித்தது போதாததால் வரும் தடுமாற்றம் இல்லை இது. தேர்வில் கோட்பாட்டை விடையாக எழுதிப் பழகிய கை, களத்திலும் அதையே விடையாக எழுதிவிடுகிறது. “இந்த வயதில் இப்படித்தான் இருப்பார்கள்” என்று ஒரு வரி விழுந்ததும், அடுத்து கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் நின்றுபோகின்றன. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்து கிளைப்பவைதான்.

மைல்கல் அட்டவணையைக் கெடு தேதியாகப் படிப்பது

“குழந்தைக்கு 13 மாதம், இன்னும் நடக்கவில்லை, வளர்ச்சித் தாமதம் உள்ளது.” மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி வரும் வாக்கியம் இது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. துணையின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதம், அதிலும் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை, நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஆக, அட்டவணையில் இருக்கும் ஒற்றை எண் சராசரி மட்டுமே. கேட்க வேண்டியது, குழந்தை அந்த இடைவெளிக்குள் இருக்கிறதா என்பது.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு. “எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இல்லை, பொறுத்துப் பாருங்கள்” என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு வருவது இன்னும் ஆபத்து. சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது: பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழப்பது போல, வந்த திறன் எந்த வயதிலும் திரும்பிப் போவது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை விட்டுவிடுவது, சத்தத்துக்குத் திரும்பாமல் இருப்பது, 18 மாதமாகியும் தனியே நடக்காதது. இவை தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். என்ன நோய் என்று பெயர் சூட்டுவது உங்கள் வேலையில் சேராது.

குறைமாதக் குழந்தை என்றால் கணக்கு வேறு. 32 வாரத்தில் பிறந்த குழந்தை 40 வாரத்துக்கு 8 வாரம் முன்பே வந்துவிட்டது. பிறந்த தேதிப்படி அதற்கு 10 மாதம் ஆகியிருந்தால், திருத்திய வயது ஏறக்குறைய 8 மாதம். வளர்ச்சியை இந்த 8 மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பொதுவாக இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் செய்வார்கள். தடுப்பூசி அட்டவணைக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. அறிக்கையில் இரண்டு வயதையும் எழுதிவிடுங்கள். அடுத்து கோப்பைத் திறப்பவர் எந்த வயதை எடுத்தீர்கள் என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

எழுதும் முறையிலும் ஒரு திருத்தம் தேவை. “நடப்பதில்லை” என்பதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. “பார்த்தது: நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நான்கு அடி வைத்தது. தாய் சொன்னது: கடந்த வாரம் பிடிமானமின்றி சில நொடி நின்றது. பெரும்பாலான நேரம் இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறார்கள்” என்று இருந்தால் படம் கிடைக்கிறது. பார்த்தது, கேட்டது, வாய்ப்பு இருந்ததா என்பது ஆகிய மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். தரையில் விடப்படாத குழந்தை எங்கே பழகும்?

ஒரு வீட்டுப் பார்வையில் பிணைப்பு வகையைக் கண்டுபிடித்துவிடுவது

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான உணர்வுப் பிணைப்பைப் பற்றி ஜான் போல்பியும் மேரி ஐன்ஸ்வொர்த்தும் தந்த பிணைப்புக் கோட்பாடுதான் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. அதிகம் தவறாகப் பயன்படுவதும் அதுவே. “தாய் வெளியே போனபோது குழந்தை அழவில்லை, தவிர்க்கும் பிணைப்பு” என்று 40 நிமிடச் சந்திப்பில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஐன்ஸ்வொர்த் வகுத்த சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குழந்தைக்குச் சுமார் 12 முதல் 18 மாதம். முன்பின் பழகாத அறை. எட்டுக் காட்சிகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் 3 நிமிடம். தாய் இருமுறை வெளியே போய் இருமுறை திரும்பி வருகிறார். பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பதிவை ஆராய்ந்து குறியிடுகிறார்கள். அவர்கள் கண் வைப்பது பிரிவில் வரும் அழுகையைவிடத் திரும்பி வரும் நேரத்தில்தான். குழந்தை தாயை நாடுகிறதா, தூக்கினால் அடங்குகிறதா, அடங்கியபின் விளையாட்டுக்குத் திரும்புகிறதா? கதறி அழுத குழந்தை பாதுகாப்பான பிணைப்பு உடையதாக இருக்கலாம். அழாமல் சமர்த்தாக இருந்த குழந்தை அப்படி இல்லாமல் போகலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த அளவுகோலை அப்படியே பொருத்தவும் முடியாது.

இன்னொன்று, பிணைப்பு வகை குழந்தையின் குணம் என்று எழுதுவது. அது இருவருக்கு இடையிலான உறவின் தன்மை. அதே குழந்தை தாயிடம் ஒரு விதமாகவும் தந்தையிடம் வேறு விதமாகவும் இருக்கும்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது “ஒழுங்கிழந்த பிணைப்பு” என்ற வகை, அதாவது தாயை நாடுவதா விலகுவதா என்று தெரியாமல் குழந்தை முரண்பட்டு நடப்பது. மேரி மெயினும் ஜூடித் சாலமனும் பின்னாளில் சேர்த்தது. இதைக் கண்டால் குழந்தைக்குக் கொடுமை நடந்திருக்கிறது என்று பொருள்கொள்ளும் பழக்கம் குழந்தைப் பாதுகாப்புத் துறையில் பரவியது. 2017இல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் கூட்டாக எழுதிய கட்டுரையில், தனி ஒரு குழந்தை விஷயத்தில் அப்படி முடிவுக்கு வரக்கூடாது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். கொடுமை இல்லாத வீடுகளிலும் இது காணப்படுகிறது. ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதற்கு இது ஆதாரமாகாது. அறிக்கையில் வகையின் பெயரை விட்டுவிட்டு, குழந்தை வலியில் யாரிடம் ஓடியது, அவர் என்ன செய்தார், எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று எழுதினால் போதும்.

“முதல் சில ஆண்டுகளோடு எல்லாம் முடிந்தது”

ஆரம்ப ஆண்டுகள் முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்டில் காப்பகக் குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பார்த்த ஆய்வில், ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் பல விதங்களில் மேலாகத் தேறினார்கள். ஆனால் இதிலிருந்து “இரண்டு வயதுக்குப் பிறகு பயனில்லை” என்று தாவிவிடக் கூடாது. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரை எமி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல ஆபத்துகளோடு வளர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையான பெரியவர்களாக ஆனார்கள். பதின்ம வயதில் தடம்புரண்டவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுகளில் எழுந்து நின்றார்கள்.

இதே தவறின் இன்னொரு முகம், குழந்தைப்பருவத் துயர அனுபவங்களுக்குப் போடும் மதிப்பெண். துயரத்தின் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் என எண்ணி 1998இல் முதன்முதலில் வெளியான அமெரிக்க ஆய்வு, துயரங்கள் கூடக்கூடப் பிற்கால நோய்களும் கூடுவதைப் பெருந்தொகை மக்களிடம் காட்டியது. அதை வைத்துக்கொண்டு, “இவருக்கு மதிப்பெண் 6, ஆகவே மோசமான எதிர்காலம்” என்று எழுதுவது அந்த ஆய்வு தாங்காத சுமை. ஒரே ஒருமுறை நடந்ததற்கும் பத்தாண்டு நடந்ததற்கும் அதில் ஒரே மதிப்பெண். எந்த வயதில், யாரால், பிறகு யார் துணை நின்றார் என்பவற்றுக்கு இடமே கிடையாது. ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரே 2020இல் இந்தத் தவறான பயன்பாட்டை எதிர்த்து எழுதினார்.

வட்டம் வரைந்துவிட்டு நிறுத்துவது

குழந்தையை நடுவில் வைத்து, அதைச் சுற்றியுள்ள உலகை வட்டங்களாகக் காட்டும் யூரி பிரான்ஃபென்பிரென்னரின் சூழல் படத்தை எல்லோரும் வரைகிறார்கள். நுண் அமைப்பில் வீடு, இடை அமைப்பில் பள்ளி, புற அமைப்பில் ஊர் என்று அடுக்கிவிடுகிறார்கள். இரண்டாவது வரியிலேயே பிழை. பள்ளியும் நுண் அமைப்புதான், ஏனென்றால் குழந்தை அங்கே நேரடியாக இருக்கிறது. இடை அமைப்பு என்பது வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓடும் தொடர்பு: ஆசிரியர் கூப்பிட்டால் பெற்றோர் போகிறார்களா, போனால் அவர்களிடம் அங்கே மரியாதையாகப் பேசுகிறார்களா என்பது. குழந்தை காலடி வைக்காத, ஆனால் குழந்தையைத் தொடுகிற இடமே புற அமைப்பு. தந்தையின் இரவுப் பணி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே ஒரு நுணுக்கம். அதே பணியிடம் தந்தைக்கு நுண் அமைப்பு. ஆகவே யாரை நடுவில் வைக்கிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் படம் தொடங்கவே முடியாது. மூன்று பேருக்கு உதவி தேவைப்படும் குடும்பத்துக்கு ஒரே படம் போதாது.

பிரான்ஃபென்பிரென்னரே பிற்காலத்தில் வட்டங்களைவிட அன்றாடம் நேருக்கு நேர் நடக்கும் ஊடாட்டத்துக்கே முதலிடம் கொடுத்தார். எனவே வட்டங்களில் பெயர் எழுதுவதோடு நிறுத்தாமல், அவற்றை இணைக்கும் கோடுகளின் மேல் எழுதுங்கள்: வாரத்துக்கு எத்தனை முறை, யார் தொடங்குகிறார், என்ன செய்கிறார்கள். வெற்றுக் கோடு எதுவும் சொல்வதில்லை.

கட்டங்களைப் படிக்கட்டாக நினைப்பது

எரிக்சனிடம் வருவோம். அவர் சொன்ன ஒவ்வொரு கட்டத்திலும் இரு எதிர்நிலைகள் மோதுகின்றன; முதல் கட்டத்தில் நம்பிக்கையும் அவநம்பிக்கையும். நம்பிக்கை முழுதாக வென்று அவநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் அவநம்பிக்கை இல்லாத குழந்தை யார் பின்னாலும் போய்விடும். ஒரு கட்டத்தின் நெருக்கடி முடிந்துபோவதும் இல்லை. 72 வயதில் துணையை இழந்து, பக்கவாதத்தால் பிறர் கையை எதிர்பார்க்கும் ஒருவருக்கு “யாரை நம்புவது, எதை நானே செய்வது” என்ற முதல் இரு கட்டங்களின் கேள்விகள் புதிதாக எழும். தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போகும் 16 வயதுப் பெண்ணிடம் அந்த வயதுக் கட்டத்துக்குரிய அடையாளச் சிக்கலை மட்டும் தேடினால், நடுவயதுக்குரிய பொறுப்பை அவள் சுமப்பது கண்ணுக்குத் தப்பிவிடும்.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை வயதுவாரியாகக் கட்டங்களாகப் பிரித்த பியாஜேயின் வயதுகளும் தோராயமே. ஆனால் அவரிடமிருந்து நேர்காணலுக்கு உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது: பெரியவர்களின் காலக் கணக்கு சிறு குழந்தையிடம் இருக்காது. ஐந்து வயதுக் குழந்தையிடம் “எத்தனை முறை? எந்த மாதம்?” என்று கேட்டால் ஏதோ ஓர் எண் வரும், அதற்குப் பொருள் இருக்காது. “அன்னைக்கு என்ன நடந்தது, சொல்லு” என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்காதீர்கள். முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்துக் குழந்தை மாற்றிச் சொல்லும். “தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லலாம்” என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வளரிளம் பருவத்தின் மேல் பழி, நடுவயதில் வெற்றிடம்

“டீன்ஏஜ் அப்படித்தான்” என்ற வரி பல மனச்சோர்வுகளை மறைத்திருக்கிறது. கொந்தளிப்பு எல்லோருக்கும் வரும் என்ற கருத்து 1904இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் எழுதியது. பின்வந்த ஆய்வுகள் அதைப் பெரிதும் தளர்த்திவிட்டன. தூக்கம், பசி, நட்பு, பிடித்த விளையாட்டு ஆகியவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றம் தொடர்ந்தால் பருவத்தைக் காரணம் காட்டாமல் நேரடியாகக் கேளுங்கள், தற்கொலை எண்ணம் உட்பட. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 25 வயதில் மூளை “முழுமையடைகிறது” என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டாம். மூளையின் முன்நெற்றிப் பகுதியின் வளர்ச்சி இருபதுகளில் தொடர்கிறது என்பது உண்மை; பிறந்தநாளன்று நின்றுவிடும் கோடு எதுவும் இல்லை.

அதற்கப்புறம் மாணவர் குறிப்புகள் 20இலிருந்து 60க்குத் தாவுகின்றன. நடுவில் இருப்பது “நடுவயது நெருக்கடி” என்ற ஒரு சொற்றொடர். உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் 1965இல் அறிமுகப்படுத்தியது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் அப்படி ஒன்று தமக்கு வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய கால் பங்கு. அவர்களிலும் பலர் சுட்டியது வேலையிழப்பு, மணமுறிவு போன்ற நிகழ்வுகளை. அதனால் என்ன நடந்தது என்று முதலில் கேட்டுவிட்டு, வயதுக்குப் பிறகு வாருங்கள்.

எந்த ஆண்டில் அந்த வயது என்பதும் முக்கியம். 1930களின் பொருளாதார மந்தத்தைப் பற்றி கிளென் எல்டர் செய்த ஆய்வில், அப்போது பதின்ம வயதில் இருந்த பையன்களைவிட, அதே காலத்தில் சிறு குழந்தைகளாக இருந்த பையன்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். காலக்கோடு வரையும்போது மேலே ஆண்டு, கீழே வயது என்று இரண்டு வரிசை போட்டால் இப்படிப்பட்ட விஷயம் தானே தெரியும்.

முதுமையில் தவறவிடுவது

நினைவுக் குழப்பம் என்றதும் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. மறதிநோய் மாதங்களாக, ஆண்டுகளாக மெல்ல வரும். சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் தொடங்கி, காலையில் தெளிவாகவும் மாலையில் பிதற்றலாகவும் மாறிமாறி வரும் குழப்பம் டெலிரியமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எல்லாம் அதைக் கொண்டுவரும். பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டியது. குடும்பத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “போன வாரம் இதே நேரம் எப்படி இருந்தார்?” மனச்சோர்வும் மறதிபோல் வேடம் போடும். காதுக் கருவி அணிந்திருக்கிறாரா, அதில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்காமல் “புரிந்துகொள்ளவில்லை” என்று எழுதாதீர்கள். மகனையோ மகளையோ பார்த்துப் பேசாமல், அவரைப் பார்த்தே பேசுங்கள்.

துக்கத்தின் ஐந்து கட்டங்களை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) வைத்து உறவினர்களைச் சரிபார்ப்பதும் வேண்டாம். மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் அவற்றை 1969இல் எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் பேசியதை வைத்து. துக்கத்தில் இருப்பவர் ஒரு நாள் இழப்பை நோக்கியும் மறுநாள் அன்றாட வேலையை நோக்கியும் ஊசலாடுகிறார் என்று ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷுட்டும் 1999இல் சொன்னதே களத்துக்கு அதிகம் பொருந்துகிறது. அழாமல் வங்கிக் கணக்கை மாற்றப் போனவரை “மறுப்புக் கட்டத்தில் இருக்கிறார்” என்று எழுதத் தேவையில்லை.

கடைசியாக, அறிக்கையின் அடியில் மறுமதிப்பீட்டுத் தேதி போடுங்கள். 8 மாதக் குழந்தையைப் பற்றி எழுதியது 12 மாதத்தில் பழையதாகிவிடும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவருக்கு இரண்டு வாரமே நீண்ட காலம். வேலையும் உறவுகளும் நிலையாக உள்ள 40 வயதுக்காரருக்கு ஆறு மாதம் தாங்கும்.