'டுக், டுக்' ஒலிக்குரிய பறவையைக் கண்டுபிடித்த விதம்: என் அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை அரச மரத்திலிருந்து, செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டுவதுபோல் 'டுக், டுக், டுக்' என்று ஒரே சீரான ஒலி காலை நேரங்களில் பல நாட்களாகக் கேட்டது. பறவை மட்டும் கண்ணில் படவில்லை.

முதலில் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்து பார்த்தேன். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் அந்தத் தாழ்ந்த ஒலி அமுங்கிவிட்டதால், செயலி எந்தப் பெயரையும் காட்டவில்லை. பைனாகுலருடன் நின்று, அலகு அசையும் பறவையைத் தேடியதிலும் காகமும் மைனாவுமே அகப்பட்டன. ஒலி ஒருகணம் இடப்பக்கத்திலிருந்தும் மறுகணம் வலப்பக்கத்திலிருந்தும் வந்தது இன்னும் குழப்பியது.

திசை மாறும்போதும் தாளத்தில் சிறிதும் பிசகு விழவில்லை என்பதைக் கவனித்த பிறகே வழி பிறந்தது. இரண்டு பறவைகள் மாறிமாறிக் கூப்பிட்டால் தாளம் எங்காவது தவறியிருக்கும். ஆகவே கூப்பிடுவது ஒரே பறவைதான் என்று கொண்டு, திசையைப் பொருட்படுத்தாமல், மர உச்சியில் இலையின்றி நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, பச்சை முதுகும் சிவந்த நெற்றியும் மஞ்சள் தொண்டையும் கொண்ட செம்மார்புக் குக்குறுவான் அங்கே அமர்ந்திருந்ததைக் கண்டதும் பெரும் நிம்மதி.

அலகு மூடியே இருந்தது. ஒவ்வொரு 'டுக்'குக்கும் தொண்டை உப்பித் தணிந்தது. தலை திரும்பியபோது ஒலியும் திரும்பியது. இப்பறவையைத் தேடுவோர் அலகை விட்டுத் தொண்டையைக் கவனிக்க வேண்டும். அரசும் ஆலும் பழுக்கும் காலத்தில் பழம் தின்ன வருவதால், அப்போது தேடுவது இன்னும் எளிது.