வீடியோ உண்மைதான், தேதிதான் பொய்

காவிரிப் பேச்சு எழுந்தால் போதும், பெங்களூரில் படிக்கும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு வீடியோ வந்துவிடும். தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிகின்றன. கூடவே "இப்போ நடந்தது, யாரும் வெளியே போகாதீங்க" என்று ஒரு வரி. சேலத்திலிருந்து அம்மா பதறிப்போய் போன் செய்வதற்குள் அது நாலு குரூப் தாண்டியிருக்கும். பஸ்கள் எரிந்தது உண்மை. ஆனால் எரிந்தது 2016 செப்டம்பர் 12 அன்று.

நாம் செய்கிற பெரிய தவறு இதுதான். "பொய்யா?" என்று மட்டும் கேட்கிறோம், எங்கே, எப்போது என்று கேட்பதில்லை. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சுற்றிய வீடியோ கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வதந்திப் பீதியில், அதே ஆண்டு மே மாதம் பெங்களூர் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து வந்த ஓர் இளைஞரை அடித்தே கொன்றார்கள்.

சரி, படித்தவர்கள் ஏமாற மாட்டார்களா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வரலாற்று முனைவர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேரிடம் சில இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முனைவர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்தார்கள். பளபளப்பான லோகோவை நம்பியவர்கள் பலர். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று வெளியே வந்து, வேறு டேப்களைத் திறந்து, இதை நடத்துவது யார் என்று தேடினார்கள். ஆக, பதிவையே உற்று உற்றுப் பார்ப்பதும் ஒரு தவறு. ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பின்னால் தெரியும் கடை போர்டைக் கன்னடம் தெரிந்த ரூம்மேட்டிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் அதைவிட நல்ல கருவி இல்லை.

"ஃபார்வர்டு அஸ் ரிசீவ்டு" என்று எழுதிவிட்டால் பொறுப்பு கழிந்தது என்பது வெறும் சாக்கு.

அப்புறம், எல்லோரும் போடுகிற ரீலையே நாமும் போடுவது இன்னொரு தவறு. தமிழனா கன்னடனா என்ற சண்டைக்கு லைக் நிச்சயம், யோசிக்கவும் வேண்டாம். ஆனால் சண்டை ஓய்ந்த கதையும் இருக்கிறது. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். அவர் எழுதியது திரிபதி என்னும் மூன்றடி, வள்ளுவர் எழுதியது இரண்டடி. ஒரு கன்னட நண்பர் குறளையும், நீங்கள் திரிபதியையும் தட்டுத் தடுமாறி வாசிக்கிற ஒரு ரீல் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.