பழைய பொருள் வாங்குங்கள், மெத்தையைத் தவிர

விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு குடும்பங்கள் பாரிசுக்குக் கிளம்புகின்றன. அவர்களுக்காகவும், ஏற்கெனவே அங்கே போய் இறங்கிவிட்ட புதுச்சேரிக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

குடியிருப்பு அட்டை, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் முன்னே போன உறவினர்கள் சொல்லித் தருவார்கள். எங்கே போனாலும் முகவரிச் சான்று கேட்பார்கள். மின்கட்டண ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவ்வளவுதான்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பிரான்சில் கால் வைத்ததும் எல்லாமே புதிதாக வேண்டும் என்ற வீம்பு வந்துவிடுகிறது. அடுத்தவர் போட்ட குளிர்கோட்டா என்று முகம் சுளிக்கிறோம். வளரும் பிள்ளைக்குக் குளிர்கோட்டு ஒரு பருவம்தான் தாங்கும். என் மகளுக்கு எம்மாவுஸ் கடையில் 8 யூரோவுக்கு வாங்கினேன், பித்தான்கூடத் தளரவில்லை. 1949இல் அபே பியேர் என்ற பாதிரியார் தொடங்கிய அமைப்பு அது. விவிலியத்தில் வரும் எம்மாவு ஊரின் பெயர்தான். வீடற்றவர்களாக வந்து சேர்ந்தவர்களே அங்கே பொருள்களைப் பழுது பார்த்து விற்கிறார்கள். நாம் கொடுக்கும் காசு அவர்கள் சோற்றுக்குப் போகிறது. அங்கே பேரம் பேசாதீர்கள். பேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 'வித் கிரெனியே' என்ற பழைய பொருள் சந்தை இருக்கிறது. பரணைக் காலி செய்வது என்று பொருள். விடியற்காலையில் போனால் நல்ல வாணலி, சைக்கிள், மேசை கிடைக்கும். குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றை மட்டும் கடையில் ரசீதோடு வாங்குங்கள். பழைய பொருளாக இருந்தாலும் கடைக்காரர் 2 ஆண்டு சட்ட உத்தரவாதம் தர வேண்டும். தனியாளிடம் வாங்கினால் அது கிடையாது.

இனி மெத்தை.

பாரிசின் புறநகரான சார்செலில் நாங்கள் குடியேறிய முதல் நவம்பரில், ஊர்க்காரர் ஒருவர் கட்டிலும் மெத்தையும் 40 யூரோவுக்குத் தந்தார். புதுச்சேரியில் நெல்லித்தோப்பு என்றார், அந்த ஒரு சொல்லுக்காக உறையைக்கூட நீக்கிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் மகளின் கையில் வரிசையாகத் தடிப்புகள். குளிருக்குத் தோல் வறண்டிருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவினோம். பள்ளியில் ஆசிரியை தனியே அழைத்துக் கேட்டபோதுதான் மெத்தையைப் புரட்டினேன். தையல் ஓரம் முழுக்க மைத்துளி போலக் கருப்புப் புள்ளிகள். மூட்டைப்பூச்சி.

தொலைபேசியில் அம்மா, "மாடியில் வெயிலில் போட்டு, கட்டில் சட்டத்தில் கொதிநீர் ஊற்று" என்றார். அப்பா அப்படித்தான் செய்வார். சார்செலில் மாடியும் இல்லை, நவம்பரில் வெயிலும் இல்லை. கடைப் பூச்சிமருந்து முட்டைகளைக் கொல்லவில்லை. இரத்தமே இல்லாமல் அவை மாதக்கணக்கில் இடுக்கில் கிடக்கும். தொழில்முறை ஆள் இரண்டு முறை வந்து மருந்தடித்தார்: 480 யூரோ. விற்றவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. தெரிந்தே குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தந்தார் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே மெத்தை, தலையணை, துணி தைத்த சோபா ஆகியவற்றை ஊர்க்காரர் இலவசமாகத் தந்தாலும், தெருவோரம் புத்தம் புதிதாகக் கிடந்தாலும் தொடாதீர்கள். மரச் சாமானின் மூட்டுகளையும் திருகுத் துளைகளையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே வீட்டுக்குள் ஏற்றுங்கள். வாங்கிய துணியை அலமாரியில் வைப்பதற்கு முன் 60 டிகிரியில் துவையுங்கள். வெந்நீர் ஆகாத கம்பளியைப் பையில் கட்டி உறைபெட்டியில் 3 நாள் வையுங்கள். அப்படியும் வந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் வீட்டு உரிமையாளருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பூச்சியில்லாத வீட்டைத் தருவது அவருடைய சட்டக் கடமை. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இது தெரியாமல் முழுப் பணத்தையும் நானே கட்டினேன்.

புது மெத்தைக்குப் பணம் சேரும்வரை தடித்த கம்பளியின் மேல் கோரைப்பாய் போதும். கிளம்பும் இரண்டு வீட்டுக்கும் நேற்றே பாய் வாங்கிச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டேன்.