எடை குறைந்ததா? டயப்பரை எண்ணுங்கள்

பினாங்கில் என் தங்கைக்குப் பிறந்த பிள்ளை 3.1 கிலோ. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த தாதி நிறுத்தபோது 2.9. "பால் பத்தல, பால் மாவு கலக்கு" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். தாதி அசரவில்லை. முதல் சில நாளில் 7 சதவீதம் வரை குறைவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்பிவிடும் என்றார்.

வீட்டில் தராசு இல்லையே, அப்புறம் எப்படித் தெரியும்? டயப்பர்தான் கணக்கு. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் 6 ஈர டயப்பராவது வேண்டும். மலம் கறுப்பு போய் மஞ்சளாகியிருக்க வேண்டும். தங்கை காலண்டரில் சிறுநீருக்குக் கோடு, மலத்துக்குப் புள்ளி போட்டாள். இப்போதைய டயப்பரில் ஈரமே தெரியாது, உள்ளே ஒரு டிஸ்யூ வைத்துப் பாருங்கள்.

பால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. காம்பு மட்டுமல்ல, கருவட்டத்தின் பெரும்பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். மஞ்சள் காமாலை வந்த பிள்ளை தூங்கி வழியும், எழுப்பிக் கொடுங்கள். குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், வயிறு நிரம்பிப் பாலைக் குறைத்துவிடும்.

எடை 10 சதவீதம் குறைந்தாலோ, ஈர டயப்பர் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காவிட்டாலோ அன்றைக்கே கிளினிக்குக் கொண்டுபோங்கள்.