நத்தார்ப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கியதும் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை பங்கு மண்டபங்களில் அரிசி மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கும். இளைஞர் ஒன்றியத்திலும் அயல் வீட்டார் கூடி ஜெபிக்கும் அன்பியங்களிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் பொதி கட்டவும் கரோல் போகவும் முன்வருவார்கள். அவர்களுடைய ஆர்வத்தில் ஒரு குறையும் இல்லை. முன்பிருந்தவர்கள் செய்து, அடிபட்டு, கைவிட்ட பிழைகளையே இவர்களும் முதலிலிருந்து தொடங்குவதைப் பார்க்கத்தான் வருத்தமாக இருக்கிறது. காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

போன ஆண்டுப் பட்டியலைப் பிரதி எடுப்பது

திருச்சபையில் பங்கீடு பற்றி எழுந்த முதல் முறைப்பாடு திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். அதைச் சரிசெய்யத்தான் எழுவரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் புனித முடியப்பர். நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26, அவருடைய திருநாள்.

விடுபட்டவர்கள் வேறு மொழி பேசியவர்கள் என்பதைக் கொழும்புப் பங்குகள் கவனித்துப் படிக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று பூசை நடக்கும் கோவிலில் பட்டியல் போடுகிறவர்கள் தங்கள் பூசைக்கு வருகிறவர்களை மட்டுமே அறிவார்கள். எந்தப் பூசைக்கும் வர முடியாதவர்கள் மூன்று பட்டியலிலும் இருக்க மாட்டார்கள்: பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க தொடர்மாடியின் நாலாம் மாடியில் தனித்திருக்கும் முதியவர், ஞாயிறும் வேலை செய்யும் வீட்டுப் பணிப்பெண், மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் நின்றபடி போர்டிங் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறுவோர் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டாலும் போதாது. இந்த ஆண்டு வேலை போனவரின் பெயர் அதில் ஏறியிருக்காது.

நவம்பர் மூன்றாம் வாரத்துக்குள் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்துவிடுங்கள். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவருக்காவது சிங்களம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? எதில் சமைக்கிறார்கள்: காஸா, மண்ணெண்ணெயா, ரைஸ் குக்கர் மட்டுமா? நீரிழிவு நோயாளரோ கைக்குழந்தையோ உண்டா? அடுத்து எப்போது கையில் காசு வரும்? இந்த நான்காவது கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. அடுத்த பிழை முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

எல்லாவற்றையும் 24ஆம் திகதிக்குள் கொடுத்து முடிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் இது மாறவில்லை. நத்தார்ப் பணியில் அதிகப் பணத்தை வீணாக்குவதும் இதுதான்.

டிசம்பர் 15க்கும் 24க்கும் இடையில் கொழும்பின் வடக்குப் பக்கத் தோட்டங்களில் (நெருக்கமான குடியிருப்புகளில்) நடப்பதைப் பாருங்கள். பங்கு ஒரு பொதி கொடுக்கும். பக்கத்துச் சபை ஒன்று கொடுக்கும். ஏதாவதொரு கம்பனியின் நலன்புரிச் சங்கம் வரும். பழைய மாணவர் சங்கம் வரும். எல்லோரும் வாகனம் நிறுத்தக்கூடிய, ஏற்கெனவே தெரிந்த அதே ஒழுங்கைக்குத்தான் வருவார்கள். ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் நான்கு பொதி சேரும்: இருபது கிலோ அரிசி, நான்கு கிலோ பருப்பு, நான்கு பக்கற் மா. பத்தடிக்குப் பத்தடி அறையில் அதை வைக்க இடமில்லை. கொழும்பின் ஈரக் காற்றில் திறந்த பருப்பும் மாவும் சில வாரங்களில் வண்டு பிடித்துவிடும். அந்த வீட்டம்மா டின் மீனையும் பால்மாவையும் சந்திக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு மின்கட்டணம் கட்டுவார். இதைக் கேள்விப்பட்டதும், “கொடுத்ததை வித்துட்டாங்க” என்று மண்டபத்தில் குறை பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் தன் வீட்டுக்குச் சரியானதைத்தான் செய்தார். பிழை பொதியைத் திட்டமிட்டவர்களுடையது.

இனி ஜனவரிக்கு வாருங்கள். பல நிறுவனங்கள் டிசம்பர்ச் சம்பளத்தை நத்தாருக்கு முன்பே கொடுத்துவிடும். அடுத்த சம்பளம் ஜனவரிக் கடைசியில். இடையில் ஐந்து வாரத்துக்கு மேல். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமாருக்குப் பண்டிகை நாட்களில் ஓய்வில்லாத வேலை, ஆண்டு பிறந்ததும் லொறிகள் குறைந்துவிடும். புதிய வகுப்புக்குப் பிள்ளைகள் போகும் காலமும் அதுவே. பாடநூலையும் சீருடைத் துணியையும் அரசு தருகிறது. கொப்பி, சப்பாத்து, பை எல்லாம் பெரும்பாலும் வீட்டுச் செலவு. இந்த ஐந்து வாரத்தில் அந்த ஒழுங்கைக்குள் ஒரு வாகனமும் வராது. எல்லோரும் நத்தார்ப் பணியை முடித்துவிட்டார்கள்.

திருச்சபை நாட்காட்டியின்படி பார்த்தால் இது இன்னும் பொருந்தாது. திருவருகைக் காலம் ஆயத்தக் காலம். நத்தார்க் காலம் 24ஆம் திகதி மாலையில் தொடங்கி, திருக்காட்சிப் பெருவிழாவையும் கடந்து, ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை போகிறது. காலம் தொடங்கும் நாளில் நாம் மண்டபத்தைப் பூட்டிவிடுகிறோம்.

மாற்றுவது கடினமில்லை. பங்கில் ஐந்து இலட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, நூறு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி ஐயாயிரம் ரூபாய்ப் பொதி ஒன்று 20ஆம் திகதி போகும். அதற்குப் பதிலாக டிசம்பரில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பண்டிகைச் சாமான்: ஒரு பால்மாப் பக்கற், சீனி, தேயிலை, பலகாரத்துக்கு மாவும் எண்ணெயும். அரிசியும் பருப்பும் அப்போது வேண்டாம். அவை வேறு வழிகளில் வந்து குவியும். மீதி மூவாயிரம் ஜனவரி இரண்டாம் வாரத்தில், ஒழுங்கைக் கடையில் அந்தக் குடும்பத்தின் பெயரில் வைக்கும் கணக்காக.

கடைக்காரரோடு பேசும்போது மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள். சிகரட் கொடுப்பதில்லை. ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை, பெப்ரவரி நடுப்பகுதிவரை சிறுகச் சிறுக வாங்கலாம். ஒவ்வொரு கொள்வனவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. குடும்பத்துக்குக் கொடுக்கும் துண்டில் இலக்கம் மட்டும் இருக்கட்டும்; கோவிலின் பெயரோ “உதவி” என்ற சொல்லோ வேண்டாம். சுப்பர் மார்க்கட் வவுச்சரைவிட இது ஏன் நல்லது என்றால், காலையில் ஆறு மணிக்கே திறந்திருக்கும் கடையில் 250 கிராம் பருப்பும் வாங்கலாம், பிள்ளைக்கு இரண்டு கொப்பியும் வாங்கலாம். முதியவர் பஸ் ஏற வேண்டியதில்லை. பழைய கடனில் கழிக்க விரும்பினால் அதற்கும் இடம் கொடுங்கள்.

கொடையாளர்கள் முகம் சுளிப்பார்களே என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டு தவணை என்பதைக் காசு சேர்க்கும் முன்பே, திருவருகை முதல் ஞாயிறன்று அறிவித்து, காணிக்கை உறையிலும் அச்சிட்டுவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நத்தாருக்குப் பிறகு சொன்னால்தான் காசைப் பிடித்து வைத்ததுபோலத் தெரியும். பணம் இரண்டு கையொப்பம் உள்ள கணக்கில் இருக்க வேண்டும். திருக்காட்சி ஞாயிறன்று மீதித் தொகையை அறிவித்தலில் வாசித்துவிடுங்கள்.

இன்னொன்று: டிசம்பர் முதல் வாரத்தில் அயலிலுள்ள மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளோடும், முடிந்தால் பக்கத்துப் பள்ளிவாசலோடும் இந்துக் கோவிலோடும் பேசி, யார் எந்த ஒழுங்கைக்குப் போகிறார்கள் என்று மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குடும்பங்களின் பெயரைப் பரிமாறத் தேவையில்லை.

புகைப்படம்

எடுக்காதீர்கள். ஆதாரம் கேட்கும் கொடையாளருக்குக் கடைப் பற்றுச்சீட்டு போதும்.

ஒரே கனத்தில் எல்லாப் பொதியும்

ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, ஒரு கிலோ மா, 400 கிராம் பால்மா, 425 கிராம் டின் மீன், எண்ணெய், சவர்க்காரம். கூட்டிப் பார்த்தால் பத்துக் கிலோவைத் தொடும். எழுபத்தைந்து வயதுப் பாட்டி மண்டபத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு, லிப்ட் ஓடாத அடுக்குமாடியில் ஏற முடியாது. முதியவருக்கான பொதியை நாலு கிலோவுக்குள் அடக்கி வீட்டுக்கே கொண்டுபோங்கள். அதில் சீனிக்குப் பதிலாக நெத்தலியும் பச்சைப்பயறும் வையுங்கள். ரைஸ் குக்கர் மட்டும் உள்ள போர்டிங் பையன்களுக்குத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எதற்கு? டின் மீனும் பிஸ்கட்டும் கொடுங்கள்.

காலையில் கட்டி மதியம் கொடுக்கும் சோற்றுப் பார்சல்

நத்தாரன்று வீதியில் இருப்போருக்குச் சோறு கொடுக்கப் போகிறவர்கள் அதிகாலை நாலு மணிக்குச் சமைத்து, ஆறு மணிக்குப் பெட்டியில் அடைத்து, பூசை முடிந்து, பதினொரு மணிக்குப் புறப்படுவார்கள். சோற்றில் வாழும் சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மணம் மாறாமலே வயிற்றைக் கெடுக்கும். 30 பாகை வெயிலில் ஐந்து மணி நேரம் மூடிக்கிடந்த பெட்டி அதற்கு வசதியான இடம்.

சோறு வடித்ததிலிருந்து சாப்பிடும் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காலைப் பூசைக்குப் போகாத ஒரு சமையல் அணியை முன்கூட்டியே ஒதுக்குங்கள். அவர்கள் நள்ளிரவுப் பூசை கண்டிருப்பார்கள். சட்டியை மூடிச் சூடாகவே கொண்டுபோய், கொடுக்கும் இடத்தில் பரிமாறுவது இன்னும் நல்லது. நூறு பேருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ அரிசி போதும். தேங்காய்ச் சம்பலையும் பால் விட்ட கறியையும் தவிருங்கள், முதலில் புளிப்பது அவைதான். தாளித்த பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், நன்றாகப் பொரித்த கோழி அல்லது அவித்த முட்டை பாதுகாப்பானவை. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரிலிருந்து தடை. வாழையிலையும் கடதாசியும் எடுங்கள்.

மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கேக்கோடு போவது

விடுதிக்குள் இருபது பேர் கரோல் பாடிக்கொண்டு நுழைவது நோயாளருக்கு இளைப்பாறுதல் தராது. சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் தடிமன் இருமலோடு ஒருவரும் போகக் கூடாது. முன்கூட்டியே நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, என்ன தேவை என்று விடுதிப் பொறுப்புத் தாதியிடம் கேளுங்கள். கேக் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இராது. சவர்க்காரம், துவாய், பெரியவர்களுக்கான டயப்பர் இருக்கும்.

அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று நாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள். நோயாளரோடு வந்த உறவினர் சிங்களப் படிவத்தை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நிற்பார். இரு மொழியும் தெரிந்த ஒருவர் காலை வேளையில் அங்கே மூன்று மணி நேரம் நின்று படிவம் நிரப்பிக் கொடுப்பது, முப்பது கேக்கைவிடப் பெரிய உதவி. இதையும் ஜனவரிக்கு ஒதுக்குங்கள். நத்தார் வாரத்தில் தொண்டர்கள் தேவைக்கு மேல் இருப்பார்கள்.

பழைய உடுப்பு

துவைத்து, மடித்து, பொத்தான் இருந்தால் கொண்டுவரலாம். இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

நன்றியைக் கொடையாளரோடு முடித்துவிடுவது

நள்ளிரவுப் பூசையின் முடிவில் வாசிக்கும் நன்றிப் பட்டியல் காசு கொடுத்தவர்களில் தொடங்கி அவர்களிலேயே முடிந்துவிடுகிறது. பாத்திரம் கழுவியவர், கோவிலைப் பராமரிக்கும் கோவிற்பிள்ளை, ஒலிவாங்கியைச் சரிசெய்தவர், மறுநாள் விடியற்காலையில் பட்டாசுக் குப்பையைக் கூட்டும் மாநகர சபைத் தொழிலாளர் யாரும் அதில் இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு நத்தார்ப் பூசைகளுக்குப் பொலிஸாரும் படையினரும் காவல் நிற்கிறார்கள். அவர்களில் பலர் வேறு மதத்தவர், அந்த இரவில் தம் வீட்டைவிட்டு வந்திருப்பவர்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போய்விடுகிறார்கள்.

மேடையில் பொதுவாக ஒரு வரி சொல்லுங்கள், பெயர்களை வாசிக்க வேண்டாம். பிறகு 26ஆம் திகதியிலிருந்து திருக்காட்சிவரை ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய அட்டை போகட்டும். அவரவர் மொழியில், அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டு: “24ஆம் திகதி இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் போனபோது ஜெனரேட்டரை இயக்கினீர்கள்” என்பதுபோல. எட்டுப் பேர் உட்கார்ந்தால் நாற்பது அட்டையை ஒரு மாலையில் எழுதிவிடலாம். காவலில் நிற்பவர்களுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் பூசைக்கு முன், அவர்களுடைய பொறுப்பதிகாரியிடம் சொல்லிவிட்டு. கூட்டுகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு ஆறு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். குப்பையைப் பைகளில் கட்டி வைத்துவிட்டால் அவர்களுடைய வேலையும் பாதியாகும்.

பெற்றவர்களை நன்றி சொல்ல வைப்பது

கூடாது. பிள்ளைகளுக்கு ஒலிவாங்கி கொடுத்துப் பேசவைப்பது அறவே கூடாது.

எழுதி வைக்காமல் கலைவது

திருமுழுக்கு விழா முடிந்த வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுங்கள். எந்த ஒழுங்கை விடுபட்டது, எந்தக் கடைக்காரர் நேர்மையாக நடந்தார், எத்தனை கிலோ அரிசி மிஞ்சியது, எந்த வீட்டுக்கு இனி உதவி தேவையில்லை என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நோய், கடன் போன்ற வீட்டு விபரங்கள் வட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. அந்தப் பக்கங்கள் பங்குத்தந்தையின் அலுமாரியில் இருக்கட்டும். மற்றவற்றை அடுத்த பொறுப்பாளரிடம் நவம்பர் வரை காத்திராமல் அன்றே கொடுத்துவிடுங்கள். கடைக் கணக்குகள் பெப்ரவரி நடுவில் முடியும்போது பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து ஒட்டும் வேலை இன்னும் மீதியிருக்கும்.