கரண்ட் பில்லை ஏற விடாமல் பிடிக்க ஒரு சின்னக் கணக்கு

கடைசியாக மீற்றர் வாசித்த திகதியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எண்ணி, அதை 2 ஆல் பெருக்குங்கள். இன்றுவரை உங்கள் வீடு எடுத்த யூனிற் அதைத் தாண்டக் கூடாது. பழைய பில்லில் உள்ள வாசிப்பை மீற்றரில் இப்போது காட்டுவதிலிருந்து கழித்துப் பாருங்கள். 17 நாளில் 34 யூனிற்றுக்குள் நின்றால் சரி. 38 என்றால் மிச்ச நாட்களில் 4 யூனிற் குறைக்க வேண்டும்.

ஏன் 2? இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் 30 நாளுக்கு 60 யூனிற் என்பதே பெரிய எல்லை. அதைத் தாண்டினால் கூடிய யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிற்றுக்கும் விலை கூடும், நிலையான கட்டணமும் ஏறும். 61வது யூனிற் அவ்வளவு விலை பிடித்தது! பில் 30 நாளுக்குக் கூடவோ குறையவோ வந்தாலும் எல்லை நாட்கணக்குப்படியே மாறும் என்பதால் இந்தப் பெருக்கல் பிழைக்காது.

சித்திரை வெக்கையில் விசிறியை நிற்பாட்டாதீர்கள். 70 வாற்று விசிறி இரவு 8 மணித்தியாலம் ஓடினாலும் அரை யூனிற்றுக்குச் சற்று மேல்தான். கிணற்று மோட்டரையும் அயன் பண்ணுவதையும் குறையுங்கள். 1 குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1 யூனிற்றை விழுங்கும்.

ஏசி போட்டு மாதம் 150, 200 யூனிற் எடுக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்கள் நேரவாரிக் கட்டணத்தைப் பற்றி விசாரிக்கலாம். அதில் இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை விலை குறைவு, மாலை 6.30 இலிருந்து 10.30 வரை மிகக் கூட.