ஊன்றுகோலோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோக ஊர் பார்ப்பது எப்படி

போன வருடம் மார்ச்சில் எங்கள் அலுவலகம் சென்னைக் கிளையை மூடியது. பெங்களூரா, கொச்சியா, ஜூன் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார்கள். எங்கே போனாலும் வாரத்தில் மூன்று நாள் நேரில் போயாக வேண்டும். எனக்கு வயது 43. இரண்டு வயதில் வந்த போலியோவால் இடது காலில் தொடைவரை காலிபர் (காலைத் தாங்கும் கம்பிக் கட்டு), வலது கையில் ஊன்றுகோல். கணக்கு எழுதுகிற வேலை. தப்பான ஊருக்குப் போய்விட்டு ஆறு மாதத்தில் மறுபடி லாரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் கிடையாது.

தெரிந்தவர்களிடம் கேட்டேன். பெங்களூரில் வெயில் தெரியாது என்றார்கள். கொச்சியில் மீன் மலிவு என்றார்கள். ஈரோட்டிலிருந்து அம்மா, "எங்க போனாலும் சரி, ராத்திரி ரயில் ஏறுனா காலையில வீட்டுக்கு வர்ற மாதிரி பாத்துக்கடி" என்றார். படி எத்தனை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நானே ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். என்னைப் போன்றவர்களுக்கும், வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் அந்த நோட்டில் இருந்தது உதவலாம்.

ஊருக்கு முன்னால் உங்கள் உடம்பை எழுதுங்கள்

முதல் பக்கத்தில் ஊர் பெயர் எதுவும் இல்லை, என் அளவுகள்தான். கைப்பிடி இருந்தால் 14 படி ஏறுவேன், இல்லாவிட்டால் மூன்று. சமதளத்தில் 300 மீட்டர் நடப்பேன், அதற்குமேல் தோள் வலிக்கும். நின்றபடி எட்டு நிமிடம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் உயரமான படியில் கால் வராது. ஈரமான டைல்ஸ் தரையில் ஓரடிகூட வைக்க மாட்டேன். நல்ல நாளில் இதைவிடக் கூடுதலாகவே முடியும். ஆனால் எழுத வேண்டியது காய்ச்சல் வந்து எழுந்த மறுநாள் என்ன முடியுமோ அதை. சக்கர நாற்காலியில் போகிறவர்கள் நாற்காலியின் முழு அகலத்தை, தள்ளும் கையின் முட்டியையும் சேர்த்து, அளந்து எழுதுங்கள்.

கொஞ்சம் கூச்சமான வேலைதான். ஆனால் இந்தப் பக்கம் இல்லாமல் வீட்டு புரோக்கரிடம் பேசினால் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவோம்.

வாடகையோடு ஆட்டோவையும் கூட்டுங்கள்

மூன்றாவதாக மைசூரையும் சேர்த்திருந்தேன். மைசூரில் குடியிருந்து பெங்களூரு அலுவலகத்துக்குப் போய்வரலாம், வாடகை மிச்சம் என்று ஒரு தோழி சொன்ன யோசனை. நான் விசாரித்த தரைத்தள வீடுகளில் மைசூரு 11,000, கொச்சி 14,500, பெங்களூரில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் 24,000. இத்தோடு நிறுத்தியிருந்தால் மைசூருக்குப் போயிருப்பேன்.

நமக்கு வாடகை இரண்டு இடத்தில் போகிறது, ஒன்று வீட்டுக்காரருக்கு, இன்னொன்று ஆட்டோக்காரருக்கு. மற்றவர்கள் நடந்து கடக்கிற முக்கால் கிலோமீட்டரை நாம் காசு கொடுத்துக் கடக்கிறோம். மைசூரில் வீட்டிலிருந்து ஸ்டேஷன், பெங்களூரில் ஸ்டேஷனிலிருந்து அலுவலகம், திரும்ப அதே இரண்டு. நாளுக்கு நான்கு ஆட்டோ, குறைந்தது 800 ரூபாய். மாதம் 13 நாளுக்கு 10,400. ஆக மைசூரு வீடு 21,400, ரயில் கட்டணம் தனி. பெங்களூரு 26,500. கொச்சியில் மெட்ரோ, படகு, கடைசித் துண்டுக்கு ஆட்டோ என்று எல்லாம் சேர்ந்தும் 17,500.

மைசூரு கழிந்ததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. என்னிடம் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருக்கிறது. அவசரத்துக்கு அதில் போகலாமே என்று நினைத்திருந்தேன். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். அப்புறம் ரயில் பெட்டியின் செங்குத்துப் படி. வாரத்துக்கு ஆறு தடவை அதில் ஏறி இறங்குவதை நினைத்தபோதே தோள் வலித்தது.

அட்வான்ஸையும் மறக்காதீர்கள். பெங்களூரு வீட்டுக்காரர் ஆறு மாத வாடகை கேட்டார், அதாவது 1,44,000. கொச்சியில் மூன்று மாதம், 43,500. கையில் மிஞ்சுகிற அந்த ஒரு லட்சத்தில் குளியலறையையே மாற்றிக் கட்டலாம்.

கூட வருவது எது, வராதது எது

யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, நாடு முழுக்கச் செல்லும். ரயில்வே சலுகையும் அப்படியே. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர் என்ற பிரிவில் சான்று இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நமக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதம் குறையும். வருமான வரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவும் ஊரைப் பார்த்து மாறாது, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அது.

மாநில அரசு தருவது மாநிலத்தோடு நின்றுவிடும். பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர்கள் குடிபோவதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும், குடும்ப பட்ஜெட்டில் அது பெரிய தொகை. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்திலும் பெண்களுக்குப் பேருந்து இலவசம்தான், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை கேட்பார்கள். எனவே முகவரி மாற்றும்வரை எல்லாச் செலவும் நம் கையிலிருந்து என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வண்டி விஷயம் கொஞ்சம் இழுக்கும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்கிப் போக வேண்டும். இணைப்புச் சக்கரம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். என் ஆர்சியில் ஏறவில்லை, வண்டி வாங்கி ஐந்து வருடம் கழித்துத்தான் கவனித்தேன். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் போனது.

இன்னொன்று, காலிபரைப் பழுது பார்க்கும் இடம். சென்னையில் கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது என்ற தைரியத்தில் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். புது ஊரில் காலிபரின் முட்டிப் பூட்டு உடைந்தால் எங்கே போவது? கொச்சிக்கு எட்டும் தூரத்தில், திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாலக்குடா பக்கம் கல்லேட்டுங்கரையில், மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மனசு கொச்சிப் பக்கம் சாய்ந்தது.

மழையில் போய்ப் பாருங்கள்

ஊர் பார்க்க நல்ல சீசனில் போகாதீர்கள். ஜூன் இரண்டாவது வாரம், பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு, நான்கு நாள் கொச்சிக்குப் போனேன். சுற்றுலா இடம் ஒன்றையும் பார்க்கவில்லை. காலை எட்டே முக்காலுக்கு, எல்லோரும் வேலைக்குப் போகிற நேரத்தில், குடியிருக்க நினைத்த பகுதியிலிருந்து அலுவலக வாசல்வரை போனேன். மாலை ஆறு மணிக்கு அதே வழியில் திரும்பினேன். இரண்டு நாள் இதே வேலை. மூன்றாம் நாள் மருந்துக்கடை, காய்கறிக்கடை, ஏடிஎம். ஏடிஎம்மைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கு படி ஏறித்தான் காசு எடுக்க வேண்டும் என்றால் மாதா மாதம் யாரிடமாவது அட்டையைக் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

குடியிருக்க நினைத்த பேட்டயில் மெட்ரோ ஏறினால் தைக்கூடம் தாண்டி வைற்றில. அங்கிருந்து அலுவலகம் இருக்கும் காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ படகு. படகு என்றதும் எனக்குப் பயம்தான். பலகையைப் போட்டு, யாராவது கையைப் பிடித்து இழுத்து ஏற்றுகிற படகுகளைத்தான் பார்த்திருக்கிறேன். 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய இந்தப் படகுகளுக்கு மிதக்கும் மேடை கட்டியிருக்கிறார்கள். கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், வற்றினால் இறங்கும். அதனால் படகின் தரையும் மேடையும் எந்நேரமும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஊன்றுகோலை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த பாட்டி என் காலிபரைப் பார்த்தார், நான் தண்ணீரைப் பார்த்தேன். 43 வருடத்தில் ஒருவர் உதவியும் இல்லாமல் நான் ஏறிய முதல் படகு அது.

காக்கநாட்டில் இறங்கினால் கதை வேறு. அந்தப் பக்கம் மேடும் பள்ளமும். படகுத்துறையிலிருந்து அலுவலகத்துக்கு ஆட்டோ இல்லாமல் முடியாது. வீட்டையும் காக்கநாட்டிலேயே பார்க்கலாமே என்ற எண்ணத்தை அன்றே விட்டேன். திருவனந்தபுரத்திலும் பல இடங்கள் இப்படி ஏற்றஇறக்கம்தான். கொச்சியின் பெரும்பகுதி தட்டை. ஊருக்குள்ளேயும் இந்த வித்தியாசம் இருப்பதால் "கொச்சி வசதி", "பெங்களூரு கஷ்டம்" என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. பெங்களூரிலும் சர்ச் ஸ்ட்ரீட் மாதிரி அழகாகச் சமன் செய்த தெருக்கள் உண்டு. அங்கே எனக்கு வீடு கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

ஊர் பார்த்த நாட்களில் ஒரு மெட்ரோ நிலையத்தில் (எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை) லிஃப்ட் வேலை செய்யவில்லை. காவலர் பரிதாபமாக நாற்காலி போட்டார். அன்றிலிருந்து, நம் நிலையம் கைவிட்டால் அடுத்த நிலையம் எவ்வளவு தூரம், ஆட்டோ எவ்வளவு என்பதையும் நோட்டில் எழுதினேன்.

வீட்டுக்குள் டேப்போடு போங்கள்

போனில் புரோக்கர், "ஒரு ஸ்டெப்பே உள்ளூ, சேச்சி" (ஒரே ஒரு படிதான், அக்கா) என்றார். நேரில் போனால் வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை. பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, கால் நன்றாக இருப்பவர் கண்ணுக்குப் படி தெரியாது. அதனால் போட்டோ கேட்காதீர்கள், கேட்டிலிருந்து கழிவறைவரை நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சாய்தளம் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் நெறிமுறைப்படி சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி நீளம். மூன்று படி, 18 அங்குலம் என்றால் 18 அடி. மழைத்தண்ணீருக்குப் பயந்து உயர்த்திக் கட்டும் வீடுகளின் முன்னால் 18 அடி இடம் எங்கே இருக்கிறது? அந்த வீட்டை விட்டேன். பேட்டயில் ஐந்தரை அங்குலத்தில் ஒரே ஒரு படி உள்ள வீடு கிடைத்தது. ஐந்தரை அடிப் பலகை போதும், தச்சர் ஒரு நாளில் செய்துவிட்டார்.

உள்ளே நான் அளந்தது மூன்றுதான்: கழிவறைக் கதவின் அகலம், கழிவறைத் தரை எத்தனை அங்குலம் தாழ்ந்திருக்கிறது, வெஸ்டர்ன் கோப்பைக்குப் பக்கத்துச் சுவர் கம்பி மாட்டத் தாங்குமா. கைப்பிடிக் கம்பி மாட்ட அனுமதி உண்டு, காலி செய்யும்போது துளையை அடைத்துத் தருவேன் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொன்னேன். வாய்ப்பேச்சில் விட்டிருந்தால் அட்வான்ஸ் கழிக்கும்போது அது சண்டையாகியிருக்கும்.

குடிவந்தபின் தெரிந்தது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் முற்றத்து சிமெண்டில் பாசி பிடிக்கிறது. வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆள் வைத்திருக்கிறேன். சென்னையில் ஆறு மாதம் உழைத்த ஊன்றுகோலின் அடி ரப்பர் இங்கே இரண்டு மாதத்தில் வழுக்க ஆரம்பிக்கிறது. பிடிப்பு தேயும்வரை காத்திருக்காமல், ஈரோடு போகும்போதெல்லாம் அரை டஜன் வாங்கி வந்துவிடுகிறேன். வாங்குவதற்கு முன் உங்கள் கோலின் அடிக்கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு போங்கள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்பார், அப்படி இல்லை.